கழக்கூட்டத்துப் பிள்ளையும் அரை வாக்கு அரசரும்

கொல்லத்திலிருந்து திருவனந்தபுரம் நோக்கி வரும் புகைவண்டி, நகரத்தை எட்டுவதற்குச் சற்று முன்னர், கழக்கூட்டம் என்னும் நிலையத்தைக் கடக்கின்றது. பம்பாயிலிருந்தோ தில்லியிலிருந்தோ குமரிக்கும் நாகர்கோயிலுக்கும் இவ்வழியே ஊர் திரும்பும் தமிழர்கள் அப்பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். அங்கேயே குடியிருந்து பிழைப்பு நடத்தும் நம்மவரும் இன்று மிகப் பலர். 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளியும், 1990இல் தோன்றிய டெக்னோபார்க்கும் அவ்வூரின் முகத்தையே மாற்றிவிட்டன. கழகம், கூட்டம் என்னும் இரு சொற்களும் சேர்ந்தாற்போல் தமிழ்ச் செவிக்கு ஒலிக்கும் அப்பெயரின் காரணம் எதுவாயினும் ஆகுக. அவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு வாழ்ந்த ஒரு பிரபுவைப் பற்றியும், அவரையொத்த ஏனைய எழுவரைப் பற்றியும் இன்று பேச எண்ணுகிறோம்.

வேணாட்டு வரலாற்றில் எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்று ஒரு தொடர் வழங்குகின்றது. இராமனாமடம், மார்த்தாண்டமடம், குளத்தூர், கழக்கூட்டம், செம்பழந்தி, பள்ளிச்சல், குடமண், வெங்ஙானூர் ஆகிய எட்டு ஊர்களை அல்லது எட்டு வீடுகளைச் சேர்ந்த நாயர் தலைவர்கள் இவர்கள். திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமி கோயிலுக்கு உரிய நிலங்களில் வரி தண்டுவதும், அந்நிலங்களைக் காப்பதும் இவர்கள் பொறுப்பு. பொறுப்பு பரம்பரையாயிற்று, பரம்பரை உரிமையாயிற்று, உரிமை நாளடைவில் ஆட்சியாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு பிள்ளையும் தத்தம் பகுதியில் படையும் ஆளும் வைத்துக்கொண்டு, அரசரின் ஓலையைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடும் நிலைக்கு வளர்ந்தனர்.

இவர்களோடு சேர்த்துச் சொல்லப்படுவது எட்டரை யோகம். இரண்டையும் ஒன்றெனக் குழப்புவோர் உண்டு; அவ்வாறன்று. யோகம் என்பது கோயிலை நிருவகித்த சபை. போற்றிமார் எனப்படும் பிராமணத் தலைவர்களே அதில் பெரும்பான்மையர். உறுப்பினர் எண்மருக்குத் தலைக்கு ஒரு வாக்கு. நாட்டை ஆளும் அரசருக்கோ அரை வாக்கு. எட்டும் அரையும் சேர்ந்து எட்டரை. ஓர் அரசன் தன் நாட்டுக் கோயிலில், தன் குலதெய்வத்தின் சந்நிதியில், அரை ஆளாக எண்ணப்பட்டான் என்னும் செய்தியைவிட அக்கால வேணாட்டின் நிலைமையை விளக்க வேறு சான்று வேண்டுவதில்லை. நிலத்தின் வருவாய் பிள்ளைமார் கையில். கோயிலின் தீர்ப்பு யோகத்தார் கையில். அரசர் கையில் எஞ்சியது வாள் ஒன்றே, அவ்வாளைப் பிடிக்கும் ஆட்களும் பெரும்பாலும் பிள்ளைமாரின் ஆட்களே.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சிக்கல் முற்றியது. 1677இல் அரசுரிமை இரவிவர்மர் என்னும் இளையவரைச் சேர்ந்தபோது, ஆற்றிங்ஙல் இராணியாராகிய உமையம்மை அவருக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1684 வரை நாட்டைக் காத்தவர் அவ்வம்மையாரே. டச்சுக் கம்பெனியின் அதிகாரியும், மலபாரின் தாவரங்களைப் பற்றிய பெருநூலைத் தொகுப்பித்தவருமாகிய வான் ரீட் என்பவர், அவரைக் கண்டு நாடே அஞ்சியது என்னும் பொருள்பட எழுதிவைத்திருக்கிறார். ஆங்கிலேயர் அஞ்சுதெங்கில் இடம் பெற்றதும் அவருடைய அனுமதியினாலேயே. ஆனால் நாட்டு வழக்கில் உமையம்மையின் பெயர் வேறொரு துயரக் கதையோடு பிணைந்து கிடக்கின்றது. அவருடைய பிள்ளைகள் ஐவரைப் பிள்ளைமார் களிப்பான்குளத்தில் மூழ்கடித்துக் கொன்றனர் என்பது அக்கதை. பிற்கால ஆராய்ச்சியாளர் இதனை ஐயுறுகின்றனர், நாமும் ஐயுறுகிறோம். எனினும் ஒரு மக்கட்கூட்டம் இத்தகைய கதையை மூன்று நூற்றாண்டுக் காலம் மறவாமல் சொல்லி வந்திருக்கிறதென்றால், அது பிள்ளைமாரைப் பற்றி என்ன எண்ணியிருந்தது என்பதற்காவது அக்கதை சான்றாகும்.

உமையம்மைக்குத் துணையாக வடமலபாரில் கோட்டயம் என்னும் அரசகுடியிலிருந்து வந்த கேரளவர்மர், 1696இல் கொலையுண்டார். அவருடைய கொலையிலும் பிரபுக்களின் கை இருந்தது என்றே சொல்வர். 1721 ஏப்ரலில் ஆற்றிங்ஙல் இராணிக்குப் பரிசில் கொண்டு சென்ற ஆங்கிலேயர் கூட்டம் வழியில் தாக்கப்பட்டு ஏறத்தாழ நூற்று நாற்பது பேர் மாண்டனர். அஞ்சுதெங்குக் கோட்டை பல மாதம் முற்றுகையில் கிடந்தது. மிளகு வாணிகத்தில் கம்பெனியார் செய்த மோசடிகளால் ஊர் மக்கள் கொதித்திருந்தது உண்மை. அக்கொதிப்பைப் பயன்படுத்திக்கொண்டவர் பிள்ளைமார் என்றும், இராணியின் கையை மீறி நடந்தது இது என்றும் வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். இரண்டும் ஒருங்கே உண்மையாய் இருக்கலாம்.

இங்கே நமக்கு ஒரு வினா எழுகின்றது. அரசனை மிஞ்சிய அவைப் பிரபுக்கள் உலகில் வேணாட்டில் மட்டும் தோன்றியவர் அல்லர். அரசன் சிறுவனாகவோ வலியற்றவனாகவோ இருக்கும் நாடு எதிலும் அவர்கள் முளைப்பார்கள். அவ்வாறு முளைத்தவர் பல நாடுகளில் பல நூற்றாண்டு வாழ்ந்து தழைத்திருக்க, கழக்கூட்டத்துப் பிள்ளையும் அவர்தம் தோழரும் ஏன் வேரோடு பறிக்கப்பட்டனர்? மார்த்தாண்டவர்மர் என்னும் அரசரின் கடுமை ஒன்றே காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். பள்ளிப் பாடநூல்களும் அப்படித்தான் முடிக்கின்றன. ஆனால் காரணம் இன்னும் ஆழத்தில், அந்நாட்டுக் குடும்ப முறையிலேயே கிடக்கின்றது என்பது நம் எண்ணம். அதனை விளக்குவதற்கு நேயர்களைக் கடல் கடந்து ஜப்பான் வரை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. பிரபுக்களும் பதில் ஆட்சியாளரும் அரசரை ஆட்டிவைத்த கதைக்கு அந்நாட்டைப் போன்ற எடுத்துக்காட்டு வேறில்லை.

ஜப்பானில், இன்று கியோட்டோ எனப்படும் பழந்தலைநகரத்தில், புஜிவாரா என்றொரு பிரபு குலம் இருந்தது. அக்குலத்தார் செய்த தந்திரம் மிக எளியது. தம் பெண்ணைச் சக்கரவர்த்திக்கு மணமுடிப்பார்கள். அப்பெண் பெறும் ஆண்மகவு பெரும்பாலும் தாயின் வீட்டில், அதாவது புஜிவாரா வீட்டில், தாய்வழிப் பாட்டனாரின் மடியில் வளரும். பிள்ளைக்கு எட்டோ பத்தோ வயது ஆனதும் தந்தையைத் துறக்கச் செய்து, பிள்ளையை அரியணையில் ஏற்றுவார்கள். சிறுவன் ஆள இயலாதல்லவா? ஆகவே பாட்டனார் பதில் ஆட்சியாளராவார். 858இல் செய்வா என்னும் சிறுவன் சக்கரவர்த்தியானபோது, அவனுடைய தாய்வழிப் பாட்டனார் யோஷிபுஸா அதிகாரத்தை ஏற்றார். 866இல் முறைப்படி செஷ்ஷோ என்னும் பதவியும் பெற்றார். அரசகுலத்தில் பிறவாத ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை. சிறுவன் வளர்ந்து ஆளான பின்னரும் அதிகாரம் கைநழுவாமல் இருப்பதற்காகக் கம்பாக்கு என்று மற்றொரு பதவியும் பின்னர் ஏற்பட்டது. ஆக, அரசன் குழந்தையாயினும் புஜிவாரா ஆட்சி. கிழவனாயினும் புஜிவாரா ஆட்சி!

இக்குலத்தின் கொடுமுடி மிச்சினாகா என்பவர். 966 முதல் 1028 தொடக்கம் வரை வாழ்ந்த அவர் தம் பெண்கள் நால்வரை அரசகுலத்தில் மணமுடித்துக் கொடுத்தார். சக்கரவர்த்திகள் மூவருக்குப் பாட்டனார் ஆனார். வாளை உறையிலிருந்து எடுக்க வேண்டிய தேவையே அவருக்குப் பெரிதும் ஏற்படவில்லை. பேரன் மீது பாட்டன் எதற்குப் படையெடுப்பான்?

அவர் மகன் யோரிமிச்சியும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அப்பதவியில் அமர்ந்திருந்தார். ஆனால் அவர் அரண்மனைக்கு அனுப்பிய பெண்களுக்கு ஆண்மகவு வாய்க்கவில்லை. அவ்வளவுதான், கோட்டை சரிந்தது. 1068இல் அரியணை ஏறிய கோ-சஞ்ஜோவின் அன்னை புஜிவாரா வீட்டு மகள் அல்லள், அரசகுலத்து இளவரசி. அவருடைய மகன் ஷிராகாவா 1086இல் ஒரு விந்தை செய்தார். அரியணையை விட்டிறங்கித் தம் இளம் மகனை அதில் அமர்த்திவிட்டு, அரியணைக்கு வெளியே நின்றுகொண்டு நாட்டை ஆண்டார். 1096இல் தலைமுடி களைந்து துறவியுமானார். துறவியாகியும் 1129இல் இறக்கும் வரை ஆட்சியை விடவில்லை! தாய்வழிப் பாட்டனார் செய்து வந்த வேலையைத் தந்தையே செய்யத் தொடங்கிவிட்டார். பின்னர்ப் படைவீரர் ஆட்சி வந்தது. அங்கும் இதே கதைதான்: 1203இல் ஷோகன் எனப்படும் படைத்தலைவனாக ஒரு சிறுவன் அமர்ந்தபோது, பதில் ஆட்சியாளராக வந்தவர் அவனுடைய தாய்வழிப் பாட்டனார் ஹோஜோ டோக்கிமாசா.

தாய்வழிப் பாட்டன் என்னும் இச்சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு வேணாட்டுக்குத் திரும்புவோம்.

வேணாட்டில் நிலவியது மருமக்கள் தாயம். அரசனுக்குப் பின் அவன் மகன் ஆள்வதில்லை; சகோதரியின் மகன் ஆள்வான். நாஞ்சில் நாட்டு நேயர்களுக்கு இதனை விளக்க வேண்டிய தேவை இல்லை. அவர்கள் வீட்டிலேயே நெடுங்காலம் நிலவிய முறைதான் அது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அம்முறையின் அல்லல்களை வைத்து நகைச்சுவை ததும்ப ஒரு மான்மியமே பாடியிருக்கிறார். அரசகுலத்தில் அதன் விளைவு யாது? அரசன் நாயர் குடும்பத்துப் பெண்ணை மணப்பான். அவளுக்கு அம்மச்சி என்று பெயர். அவள் இராணி ஆகமாட்டாள். அவள் பெறும் ஆண்மக்கள் தம்பிமார், பெண்மக்கள் தங்கச்சிமார். அவர்களுக்குச் செல்வம் உண்டு, மதிப்பு உண்டு, அரியணை இல்லை. இராணி என்பவள் அரசனின் சகோதரி அல்லது தாய். அவள் பிள்ளைகளே அரசுக்குரியர். அவ்வழி அற்றுப்போகும் நிலை வந்தால், வடக்கே கோலத்துநாட்டு அரசகுலத்திலிருந்து இளவரசியரைத் தத்தெடுப்பார்களே ஒழிய, உள்நாட்டுப் பிரபு எவர் வீட்டுப் பெண்ணையும் அவ்விடத்துக்குக் கொணர மாட்டார்கள். மார்த்தாண்டவர்மரின் அன்னையே அவ்வாறு கோலத்துநாட்டிலிருந்து வந்தவர்தாம்.

ஆகவே கழக்கூட்டத்துப் பிள்ளை தம் வீட்டுப் பெண்ணை அரசருக்குக் கொடுத்திருந்தாலும், அதனால் அவர் வருங்கால அரசனுக்குப் பாட்டன் ஆகியிருக்க முடியாது. மிச்சினாகாவுக்குத் திறந்திருந்த வாயில் பிள்ளைமாருக்குச் சுவராக நின்றது. நிலம், வரி, படை, கோயில் எல்லாவற்றிலும் புகுந்த கை, தொட்டிலில் மட்டும் புக முடியவில்லை. அவர்களோடு இரத்தவுறவு கொண்டிருந்தவர் அரசரின் மருமக்கள் அல்லர், மக்களே. அரசாளப் பிறந்தவர் அல்லர், அரசிழக்கப் பிறந்த தம்பிமாரே.

இதனை மனத்திற் கொண்டால், அடுத்து நிகழ்ந்தது தெளிவாக விளங்கும்.

1724 முதல் 1729 வரை ஆண்ட இராமவர்மர் சாந்தகுணமுடையவர். பிரபுக்களை அடக்கும் ஆற்றல் அவருக்கில்லை. அவருடைய மருமகன் மார்த்தாண்டவர்மரோ 1706இல் பிறந்து, இளமையிலிருந்தே பிள்ளைமாரின் பகைக்கு இலக்கானவர். அவர் காடும் ஊருமாய் மறைந்து திரிந்த கதைகள் பல. நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்று ஒரு பலாமரம். பகைவர் துரத்தி வந்தபோது அதன் பொந்தில் இளவரசர் ஒளிந்து தப்பினார் என்பர். 1723இலேயே ஆங்கிலக் கம்பெனியாரோடு உடன்படிக்கை செய்ததும், 1726இல் திருச்சிராப்பள்ளி சென்று மதுரை நாயக்க அரசிடம் ஆண்டுத் திறை செலுத்த இசைந்து குதிரைப்படையும் காலாட்படையும் பெற்று வந்ததும் அவருடைய தூண்டுதலால் நிகழ்ந்தவை. உள்நாட்டு ஆள் எவரையும் நம்ப இயலாத அரசகுலம் வெளிநாட்டுக் கூலிப்படையை நாடியது.

1729இல் மார்த்தாண்டவர்மர் அரசரானார். இராமவர்மரின் மக்களாகிய பப்புத் தம்பியும் இராமன் தம்பியும் தந்தையின் அரசு தமக்கே உரியது என்று கிளர்ந்தனர். மக்கள் தாயம் வழங்கும் தமிழ்நாட்டில் இவ்வழக்கை எடுத்துரைத்தால் நியாயம் கிடைக்கும் என்று எண்ணிப் பப்புத் தம்பி திருச்சிராப்பள்ளிக்கே சென்று முறையிட்டார். அங்கிருந்து அழகப்ப முதலியார் என்பவர் படையோடு அனுப்பப்பட்டு, நாட்டு வழக்கத்தை விசாரித்து, மார்த்தாண்டவர்மரின் உரிமையே முறையானது என்று ஒப்பித் திரும்பினார் எனத் திருவிதாங்கூர் வரலாறுகள் கூறும். அவரை ஒப்பச் செய்ததில் நியாயத்தோடு பொன்னுக்கும் பங்கிருந்திருக்கும் என்று நாம் எண்ணினால், அது மிகை ஆகாது.

பிள்ளைமார் தம்பிமாரின் பக்கம் நின்றனர். ஏன் நிற்க மாட்டார்கள்? மகனுக்கு அரசு என்னும் முறை ஒருமுறை நிலைநாட்டப்பட்டுவிட்டால், அரசனுக்குப் பெண் கொடுக்கும் வீடு எதுவும் நாளை அரசனின் தாய்வீடு ஆகிவிடும். கியோட்டோவில் நடந்தது திருவனந்தபுரத்திலும் நடக்கும். தென் திருவிதாங்கூரில் வில்லுப்பாட்டாக வழங்கும் தம்பிமார் கதை இச்சிக்கலை வேறொரு வகையில் சொல்கிறது. மார்த்தாண்டவர்மர் தம்பிமாரின் தங்கையை மணக்க விரும்பினார், அவள் வயிற்றுப் பிள்ளைக்கே பட்டம் என்று வாக்களித்தால் தருவோம் என்று கேட்டனர், அரசர் மறுத்தார், பகை மூண்டது என்பது அக்கதையின் கருத்து. நடந்தது இதுதானா என்று நாம் சாதிக்க வரவில்லை. எனினும், ஏடறியாத நாட்டுப்புறப் பாவலன், போராட்டத்தின் முடிச்சு எங்கே இருக்கிறது என்பதைப் பேராசிரியர் பலரினும் நன்றாகக் கண்டிருக்கிறான் என்று சொல்லத் தோன்றுகிறது. 1891இல் சி. வி. இராமன் பிள்ளை மலையாளத்தில் எழுதிய ‘மார்த்தாண்டவர்மா’ என்னும் புகழ்பெற்ற நாவல் இக்காலத்தைப் பற்றியதே. இன்று எட்டு வீட்டாரைப் பற்றிக் கேரள மக்கள் மனத்தில் உள்ள சித்திரம் பெரும்பாலும் அந்நாவல் தீட்டியது.

பத்மநாபசுவாமியின் ஆறாட்டு விழா ஊர்வலத்தில் அரசர் வாளேந்தி நடந்து செல்வது வழக்கம். கோயிலிலிருந்து சங்குமுகம் கடற்கரைவரை செல்லும் அவ்வூர்வலத்தில் வைத்து அவரைக் கொன்றுவிடப் பிள்ளைமார் சதி செய்தனர் என்றும், அது முன்கூட்டியே வெளிப்பட்டுவிட்டது என்றும் மரபு கூறுகிறது. 1730களில் அரசரின் அடி விழுந்தது. தம்பிமார் இருவரும் நாகர்கோயிலில் கொல்லப்பட்டனர். பிள்ளைமாரும் அவர்தம் கூட்டாளிகளும் பிடிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டனர். சதியில் பங்கு கொண்ட போற்றிமார் பிராமணராதலின் உயிர் தப்பி, நாடு கடத்தப்பட்டனர். பிள்ளைமாரின் வீடுகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. வீடிருந்த இடம் குளமாகத் தோண்டப்பட்டது என்றும் சொல்வர். பெண்டிரும் பிள்ளைகளும் கடற்கரை மீனவரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இதற்குத் துறையேற்றுதல் என்று பெயர். மீனவர் உழைத்து வாழும் நன்மக்கள். அவர்களிடம் சேர்ப்பதையே ஒரு தண்டனையாக எண்ணிய அக்காலச் சாதித் திமிரையும் நாம் இங்கே கவனிக்க வேண்டும். ஆயினும் ஆணையின் நோக்கம் தெளிவு. வேணாட்டில் குலம் பெண்வழியே தொடர்வது. ஆடவரைக் கொன்றால் மட்டும் வீடு அழியாது; பெண்டிரின் குலத்தை அழித்தால்தான் அழியும். அரசகுலத்தைக் காத்த அதே மருமக்கள் தாயம், பிரபு குலத்தை அறுக்கும் கத்தியாகவும் பயன்பட்டது. குற்றம் அறியாப் பெண்டிர்க்கும் குழந்தைகளுக்கும் இழைத்த இக்கொடுமையை, நாட்டை ஒன்றாக்கிய பேரரசர் என்னும் புகழுரை எதனாலும் மூடி மறைக்க இயலாது.

ஜப்பானிலோ புஜிவாரா குலம் அழியவில்லை. அதிகாரம் போன பின்பும் ஐந்து கிளைகளாகப் பிரிந்து, செஷ்ஷோ, கம்பாக்கு என்னும் பட்டங்களை 1868 வரை தம்முள் பங்கிட்டுக்கொண்டது. அரசனுக்கு உறவானவன் அடங்கினால் போதும். உறவாக வழியில்லாதவன் அடங்கினாலும் அவனை நம்புவதற்கில்லை என்று மார்த்தாண்டவர்மர் எண்ணியிருக்க வேண்டும்.

அழித்த இடத்தில் அவர் யாரை அமர்த்தினார் என்பதே வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு மிகவும் சுவையான செய்தி. 1737இல் தளவாய்ப் பதவிக்கு வந்த இராமய்யன், திருநெல்வேலிச் சீமை ஏர்வாடியில் பிறந்த தமிழ்ப் பிராமணர். தந்தையார் பிழைப்புத் தேடித் திருவட்டாற்றுப் பக்கம் குடிபெயர்ந்தவர். அந்நாட்டில் இராமய்யனுக்கு முன்னோர் நிலம் இல்லை. பரம்பரைப் படை இல்லை. சாய்ந்துகொள்ள ஒரு வீட்டுப் பெயர் இல்லை. கழக்கூட்டத்துப் பிள்ளைக்கு இருந்தவை எவையும் அவருக்கு இல்லை. அரசர் அவரைத் தேர்ந்ததற்கு அதுவே காரணம். அரசர் கையை விட்டால் அவருக்குப் பிடிக்க வேறு கொம்பு கிடையாது. வெளியூரில் வேலை பார்க்கும் தமிழரிடம் முதலாளிமார் காட்டும் தனி நம்பிக்கையிலும் சில வேளைகளில் இக்கணக்கு ஒளிந்திருப்பதை நம்மில் சிலர் அறிவோம்.

இராமய்யன் 1756இல் மறையும் வரை பத்தொன்பது ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். 1741 ஆகஸ்டில் குளச்சலில் டச்சுப் படை முறியடிக்கப்பட்டதும், அங்கே சிறைப்பட்ட டிலனாய் திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவிக்கும் தலைவரானதும், 1746இல் காயங்குளம் வீழ்ந்ததும் இக்காலத்தில்தான். மிளகு வாணிகம் அரசின் தனியுரிமையாயிற்று. பிள்ளைமார் தண்டிய வரியை இப்போது சம்பளம் வாங்கும் அதிகாரிகள் தண்டினர். வரவும் செலவும் ஆண்டுதோறும் ஏட்டில் பதியப்பட்டன. தளவாய் தமிழர், படைப் பயிற்சியாளர் ஐரோப்பியர், கூலிப்படையில் மறவரும் நாயக்க வீரரும். உள்ளூர் வேர் இல்லாதவர்களைக் கொண்டு உள்ளூர் வேர்களை அறுத்தார் அரசர்.

எஞ்சியது அந்த அரை வாக்கு. அதற்கும் அவர் ஒரு வழி கண்டார். 1686இல் தீக்கிரையான பத்மநாபசுவாமி கோயிலை முன்னரே புதுக்கியிருந்தார். 1750 ஜனவரி மாதத்தில், வாளைச் சந்நிதியின் படியில் வைத்து, நாடு முழுவதையும் பத்மநாபனுக்குத் தானமாக ஒப்படைத்தார். இதற்குத் திருப்படித்தானம் என்று பெயர். அன்றுமுதல் நாட்டுக்கு உடையவன் இறைவன். அரசன் பத்மநாபதாசன், இறைவனின் ஊழியன். எட்டரைச் சபையில் அரையாக இருந்தவர், தம்மைச் சுழியாக ஆக்கிக்கொண்டு முழுமையையும் பெற்றார்! இனி அரசனை எதிர்ப்பவன் ஆண்டவனை எதிர்ப்பவன் ஆவான். துறவாடை பூண்டு சக்கரவர்த்திக்கு மேற்பட்ட அதிகாரம் பெற்ற ஷிராகாவா இங்கே நம் நினைவுக்கு வராமல் போவதில்லை. இருவரும் ஒருவரையொருவர் அறியார். இடையில் அறுநூறு ஆண்டுகளும் ஒரு பெருங்கடலும் உண்டு. பிரபுக்களை வெல்ல அரசன் அரியணையைவிட்டு ஒரு படி இறங்கித் தெய்வத்தின் நிழலில் நிற்க வேண்டியிருந்தது என்பது இரு நாட்டுக்கும் பொது.

பிள்ளைமார் ஒழிந்த பின் திருவிதாங்கூரில் பதில் ஆட்சி வேண்டிய காலங்கள் வராமல் இல்லை. 1810இல் பாலராமவர்மர் மறைந்தபோது அரசாள ஆண்மகன் இல்லை. இலட்சுமிபாய் இராணியார் பொறுப்பேற்றார். 1813இல் பிறந்த மகன் சுவாதித்திருநாளுக்காக 1815 வரை ஆண்டார். அவர் மறைந்ததும் அவருடைய தங்கையார் பார்வதிபாய் 1829 வரை ஆண்டு, சுவாதித்திருநாளிடம் நாட்டை ஒப்படைத்தார். பிற்காலத்தில் 1924 முதல் 1931 வரை சேதுலட்சுமிபாய் ஆண்டார். ஜப்பானில் அரச சிறுவனுக்காக ஆண்டவர் தாயின் தந்தை. இங்கே தாயே ஆண்டாள், அல்லது தாயின் சகோதரி ஆண்டாள். உமையம்மை தொடங்கி வைத்த வழி அது. பாட்டன் நுழைய வழியில்லாத வீட்டில், தாய் வெளியே வந்து அவையில் அமர வேண்டியதாயிற்று. அவளுக்கு அருகில் நின்றவர் எட்டு வீட்டாரல்லர். திவானும், கம்பெனியின் ரெசிடெண்டும். 1811 முதல் சில ஆண்டுகள் கர்னல் மன்றோ என்னும் ஒருவரே அவ்விரு பதவிகளையும் வகித்தார். பிரபுவை வெளியேற்றிய வாயிலில் ஆங்கிலேயன் நுழைந்துவிட்டான் என்று சொன்னால், அது முழு உண்மை ஆகாவிடினும், முழுப் பொய்யும் ஆகாது.

மார்த்தாண்டவர்மரின் தலைநகரமாயிருந்த பத்மநாபபுரம் 1956 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் உள்ளது. அரண்மனையைக் கேரள அரசு பேணி வருகிறது. கழக்கூட்டத்தில் டெக்னோபார்க்குக்குச் செல்லும் இளைஞர் கூட்டம் காலையில் சாலையை நிறைக்கின்றது. அவருள் ஏர்வாடிப் பக்கத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். ஆறாட்டு ஊர்வலம் இன்றும் ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகின்றது. சங்குமுகம் செல்லும் வழியில் விமான நிலையம் அமைந்துவிட்டமையால், அந்நாட்களில் சில மணி நேரம் விமானங்களை நிறுத்தி ஓடுபாதையைச் சுவாமிக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். அரச குடும்பத்தின் தலைவர் கையில் வாளேந்தி அவ்வழியே கடலுக்கு நடந்து செல்கிறார்.